நியர் மிஸ் நோட்டு

வகுப்பில் சேர வருகிறவர்கள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "மாஸ்டர், தலைகீழா நிக்கறது எப்போ சொல்லித் தருவீங்க?" 1997-இல் ஓசூர் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் பாய் விரித்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதுகுவலிக்கு வந்தவரும் கேட்பார், சர்க்கரைக்கு வந்தவரும் கேட்பார். சிரசாசனம் போடாத மாஸ்டரை மாஸ்டர் என்று ஒப்புக்கொள்ள எங்கள் ஊரில் ஆளில்லை. நேருவே தினமும் செய்தார் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். செய்தார்தான், தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்குச் சிப்காட்டில் நைட் ஷிப்ட் கிடையாது.

எனக்கு இருந்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு தர்மபுரிப் பக்கத்திலிருந்து 1985-இல் இங்கே வந்து ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. அது 2004-இல்தான் பிரிந்தது. ஓசூர் மாநகராட்சி ஆனதெல்லாம் 2019-இல். வந்த புதிதில் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிக்கொள்வார்கள். டிசம்பர் விடியலில் சிமெண்ட் தரையில் கை ஊன்றிப் பார்த்தால் அந்தப் பெயரின் அர்த்தம் புரியும். நாலு வருஷம் இரும்போடு குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்தவர் ஒருவர் என்னைத் தன் யோகா குருவிடம் கூட்டிப்போனார்.

குரு ரிட்டையரான டிரில் மாஸ்டர். சின்ன வயதில் மைசூர்ப் பக்கம் கற்றவர். எங்கள் எல்லைப் பகுதிக்கு யோகா சென்னையிலிருந்து வந்ததைவிட மைசூரிலிருந்து வந்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தினார். அங்கே பையன்களுக்குக் கற்பித்த விறைப்பும் வேகமும் வெகுதூரம் பரவியது. அதே கிருஷ்ணமாச்சாரியார் பிறகு சென்னைக்கு வந்து, ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றிக் கொடுக்கும் வழிக்குப் போனார். அந்தச் சென்னைப் பாடம் எனக்கு வந்து சேர ரொம்ப நாளாயிற்று. என் குரு என் கணுக்காலைப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது போல மேலே இழுத்து நிறுத்தினார். மூன்றே மாதத்தில் சிரசாசனம் வந்துவிட்டது. இறங்குவது எப்படி என்று கேட்டேன். "இறங்கறதுக்கு என்னடா சொல்லித் தரணும்? கால விட்டா தன்னால கீழ வந்துரும்" என்றார்.

வந்தது. 1999-இல், கம்பெனி குடும்ப விழா மேடையில், ஆயிரம் பேர் முன்னால்.

முந்தின ராத்திரி நைட் ஷிப்ட். பகலில் சரியாகத் தூங்கவில்லை. விழாவில் கொடுத்த போண்டா வயிற்றில் இருந்தது. பலகை போட்ட மேடை. யாராவது நடந்தால் அதிரும். ஏறி நின்றதும் கைதட்டல். இரண்டு நிமிஷம் என்று நினைத்துப் போனவன், கைதட்டலுக்காக ஐந்து நிமிஷம் நின்றேன். தோள் களைத்துப்போய் பாரம் முழுக்கத் தலைக்கு வந்ததே தெரியவில்லை. இறங்கும்போது இரண்டு காலும் ஒன்றாக, தடால் என்று விழுந்தன. கழுத்தில் சொடுக்கு எடுத்த மாதிரி ஒரு சத்தம். மூன்று வாரம் காலர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அங்கே எங்கள் சேஃப்டி ஆபீசர் காலரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு நியர் மிஸ் ஃபாரத்தை நீட்டினார். "சும்மா நிரப்பிப் பாருப்பா." கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். விபத்து நடந்தால் எழுதுவது ஒன்று. நடக்க இருந்து நூலிழையில் தப்பினால் எழுதுவது இன்னொன்று. இரண்டாவதுதான் நியர் மிஸ். ஒவ்வொரு மார்ச் 4-ஆம் தேதியும், தேசியப் பாதுகாப்பு தினத்தன்று, ஹெயின்ரிச் முக்கோணத்தை எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த அந்த அமெரிக்கர் 1931-இல் எழுதிய கணக்கு அது: ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயங்கள், 300 காயமில்லாத தப்பித்தல்கள். அந்த எண்கள் சரியா என்று பிற்பாடு நிறையப் பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். எண்ணை விடுங்கள். விழுவதற்கு முன்னால் பல தடவை விழ இருந்திருப்போம் என்பது உண்மைதானே.

ஃபாரத்தில் "ஏன் நடந்தது" என்று ஒரு கட்டம். எழுத உட்கார்ந்தேன். தூக்கம், போண்டா, ஆடும் பலகை, பக்கத்தில் ஆளில்லாதது, கைதட்டல், இறங்கப் பழகாதது என்று ஆறு காரணம் வந்தது. மேடையில் ஏறும்போது அந்த ஆறில் ஒன்றைப் பற்றிக்கூட நான் யோசித்திருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வகுப்பின் சுவரில் ஆணி அடித்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். யார் தடுமாறினாலும், யாருக்குக் கழுத்து சுருக்கென்றாலும், நாள், நேரம், எந்த ஷிப்ட் முடித்து வந்தவர், என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதிவிடுவேன். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது.

எழுத எழுதத்தான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. முதல் வாரத்தில் யாரும் விழுவதில்லை, பயம் காப்பாற்றிவிடும். மூன்றாம் நான்காம் வாரம்தான் கண்டம். வந்துவிட்டது என்று தோன்றும் நேரம். வீட்டார் யாராவது பார்க்க வந்து வாசலில் நிற்கும் நாள் மோசம். துப்பட்டா ஒரு தனி அத்தியாயம்: முழங்கைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், கழற்றி வைக்கச் சொன்னால் கூச்சப்படுவார்கள். அதற்காகவே பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினேன். தலைக்கு அடியில் தலையணை வைத்தவர்கள்தான் அதிகம் சாய்ந்தார்கள். மெத்தென்று இருப்பது பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். தலையணை ஒரு பக்கம் அமுங்கினால் கழுத்தும் அந்தப் பக்கமே போகும். அதனால் என்னிடம் பவானி ஜமுக்காளம்தான். நாலாக மடித்தால் அமுங்காது, வழுக்காது.

எல்லாவற்றுக்கும் மேல், எத்தி ஏறுகிறவர்கள். ஒரு காலை உதைத்து, அந்த வேகத்தில் மேலே போவது. பையன்களுக்கு அப்படித்தான் பிடிக்கும். வேகத்தில் போன கால் மேலே நிற்காமல் அந்தப் பக்கம் சாயும். சுவர் இருந்தால் குதிகாலில் அடிபடும், இல்லாவிட்டால் முதுகில்.

அதனால் என் வகுப்பில் பாடம் தலைகீழாகத்தான் நடக்கும். முதலில் இறங்கக் கற்றுக்கொடுப்பேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஜமுக்காளம். முட்டிபோட்டு உட்கார்ந்து, வலக்கையால் இடது முழங்கையையும் இடக்கையால் வலது முழங்கையையும் பிடித்து அளந்து, அந்த அகலத்திலேயே முழங்கைகளை ஊன்றச் சொல்வேன். விரல்களைக் கோத்து, பின்னந்தலை அந்தக் கிண்ணத்தில் உட்கார, உச்சி தரையில். பிறகு இடுப்பைத் தூக்கி, கால்விரலால் முகத்தை நோக்கி நடக்க வேண்டும், முதுகு நேராகும்வரை. அங்கிருந்து திரும்ப நடந்து முட்டிபோட்டு, நெற்றியைத் தரையில் வைத்துப் பத்து மூச்சு. முதல் மாதம் முழுக்க இதுதான். கால் தரையை விடவே விடாது. சட்டென்று எழுந்து நின்றால் கிறுகிறுக்கும், அதற்குத்தான் அந்தப் பத்து மூச்சு. பொறுமையில்லாதவர்கள் இரண்டாம் வாரமே வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். போகட்டும்.

இரண்டாம் மாதம் ஒரு காகிதம். பழைய நாள்காட்டித் தாளைத் தலைக்கு அடியில் வைத்து, அவர்கள் கையை ஊன்றி நிற்கும்போது மெதுவாக உருவுவேன். கிழியாமல் வந்தால் பாரம் கையில் இருக்கிறது. பிடித்துக்கொண்டால் தலையில் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம். இதை யாரிடமும் கற்கவில்லை, இரண்டு பாகத்துக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்த கைப்பழக்கம். கால் மேலே போன பிறகு தலையில் பாரமே இருக்கக்கூடாது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நன்றாகப் பழகியவர்களையே நிற்கவைத்து அளந்திருக்கிறார்கள். ஆய்வு 2015-இல் வெளியானது. உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் தலையில் இறங்குகிறதாம். அறுபது கிலோ ஆளுக்கு, அரை மூட்டை சிமெண்ட். அதைத் தெரிந்துகொண்டபின் வகுப்பில் யாரையும் முப்பது மூச்சுக்கு மேல் நிற்க விட்டதில்லை.

மூன்றாம் மாதம் முட்டியை மடித்து நெஞ்சருகே வைத்துக்கொண்டு காலைத் தரையிலிருந்து எடுப்பது. இரண்டு காலும் ஒன்றாக, உதைக்காமல். அந்த மடித்த நிலையில் ஐந்து மூச்சு நிற்க வராதவருக்கு மேலே ஏற அனுமதியில்லை. கணுக்காலை நான் தொடுவதே இல்லை. இடுப்புக்குப் பின்னால் என் முழங்காலை வைத்து நிற்பேன், சாய்ந்தால் தாங்க. தூக்கிவிட்டால் அடுத்த தடவையும் தூக்கிவிட ஆள் தேடுவார்கள்.

இதையெல்லாம் ஒரே மொழியில் சொல்ல முடிந்தால் சுலபம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். தலைகீழாக இருப்பவருக்கு மொழிபெயர்த்து யோசிக்க நேரமிருக்காது. "கீழே" என்று தமிழில் சொல்லி ஒரு கன்னடக்காரர் காலை இன்னும் மேலே நீட்டினார், நோட்டில் இருக்கிறது. அன்றிலிருந்து யாராக இருந்தாலும் முதல் நாளே நாலு வார்த்தையைப் பாடமாக்கிவிடுவேன். கீழே, கெளகே, கிந்திகி. மெல்ல, நிதான, மெல்லகா. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒடிசா, பீகார் பையன்களுக்காக நீச்சே, தீரே தீரே. ஒரு கட்டத்தில் வகுப்பே பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது.

சிரசாசனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். என் நோட்டில் அதிகம் இடம் பிடித்திருப்பது சர்வாங்காசனம். காரணம், அதற்கு யாரும் பயப்படுவதில்லை. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டால் ஆயிற்று என்று டி.வி. பார்த்தே செய்கிறார்கள். கழுத்து மடங்கி, அதன்மேல் உடம்பு நிற்கிறது. அந்த நேரத்தில் தலையைத் திருப்பினால் போச்சு. ஒரு நாள் விடியற்காலை வகுப்பில் ஆறு பெண்கள் வரிசையாகக் கால் தூக்கியிருந்தார்கள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. ஒரு பெண் மட்டும் தன் பஸ்தானா என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, நாலு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சொல்லப்போனால் தப்பு என்னுடையது. பஸ் வரும் நேரம் தெரிந்தும் அந்த ஆசனத்தை அப்போது வைத்தேன். இன்றுவரை என் வகுப்பில் சர்வாங்காசனம் முதல் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செல்போன் எல்லாம் படிக்கட்டில் ஒரு கூடையில்.

தோளுக்கு அடியில் கம்பளி மடித்து வைக்கும் வழக்கத்தையும் அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தேன். தோள் மூன்று விரற்கடை உயரத்தில், தலை தரையில். கழுத்துக்கு அவ்வளவு மடிப்பு வராது. இது ஐயங்கார் வழி. பி.கே.எஸ். ஐயங்கார் கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் பிறந்தவர், எங்களுக்கு ஒருவகையில் பக்கத்து ஊர்க்காரர். சிரசாசனத்தை ராஜா என்றும் சர்வாங்காசனத்தைத் தாய் என்றும் சொன்னவர். பெரிய சாதகர், ஆனாலும் கயிறும் கட்டையும் கம்பளியும் வைத்துச் சொல்லிக்கொடுக்க வெட்கப்படவில்லை. எங்கள் ஆட்கள்தான் கம்பளியைக் கண்டால் "எனக்கு எதுக்கு மாஸ்டர், நான் என்ன கெழவனா?" என்பார்கள்.

வருகிறவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் ஆசனம் கொடுப்பது, மெட்டீரியல் தெரியாமல் மெஷின் ஓட்டுவது மாதிரி. எலெக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளியில் மைக்ராஸ்கோப் பார்த்துக் குனிந்தே எட்டு மணி நேரம் இருக்கும் ஒரு பெண் வந்தாள். ஹாஸ்டல் பெண், இருபத்திரண்டு வயது. மற்றவர்கள் எல்லாம் சர்வாங்காசனம் செய்ய, அவளை மட்டும் சுவரோரம் படுக்கவைத்து, கால்களைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னேன். "ஏன் சார் என்ன மட்டும் ஒதுக்கறீங்க?" என்று கண்கலங்கிவிட்டாள். ஏற்கெனவே எட்டு மணி நேரம் மடங்கியிருக்கும் கழுத்தை நான் வேறு மடக்க வேண்டுமா என்று விளக்கியும் சமாதானம் ஆகவில்லை. ஒரு மாதம் கழித்து அவளே சொன்னாள், கால்வீக்கம் குறைந்து ராத்திரி தூக்கம் வருகிறதென்று. லைனில் நின்றே வேலை செய்கிறவர்களுக்குச் சுவரில் கால் வைத்துப் படுப்பதைவிடப் பெரிய ஆசனம் இல்லை. அதையும் விபரீதகரணி என்ற பெயரிலேயே சொல்கிறோம். கேட்கவும் கம்பீரமாக இருக்கிறது.

ஹடயோக பிரதீபிகையில் விபரீதகரணி வருகிறது. ஆறு மாதத்தில் நரை திரை போகும் என்று ஸ்வாத்மாராமர் சொல்வதை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அதே இடத்தில், முதல் நாள் ஒரு கணம் மட்டும், பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்றும் சொல்லியிருக்கிறார். இதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

பி.பி. விஷயத்தில் எல்லோரும் பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணம் இல்லை. சொன்னால் சேர்க்கமாட்டேன் என்ற பயம். ஒருவர் ஆறு மாதம் மறைத்தார். ஒரு நாள் இறங்கியதும் முகம் செங்கல் நிறம், மூக்கில் ரத்தம். அதற்கப்புறம் "பி.பி. இருக்கா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "காலையில என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்பேன். மாத்திரைப் பேரைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். கண்ணில் நீர் அழுத்தம், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, கழுத்து எலும்புத் தேய்மானம், காதில் சீழ், மாசமாக இருப்பது — இதெல்லாம் இருந்தால் காலைச் சுவரில் வைப்பதற்குக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

2015-இல் ஜூன் 21 யோகா தினம் ஆன பிறகு கூட்டம் கூடியது. ஆயுஷ் அமைச்சகம் எல்லோரும் சேர்ந்து செய்ய ஒரு பொது முறையை வெளியிட்டது. அதில் சிரசாசனம் கிடையாது. நிறையப் பேருக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி. மைதானத்தில் ஆயிரம் பேர் தலைகீழாக நின்றால் முழங்காலை வைத்துத் தாங்க ஆயிரம் மாஸ்டருக்கு எங்கே போவது? ஆனால் அதே காலத்தில்தான் பிள்ளைகளுக்கு யோகாப் போட்டி என்று இன்னொன்று பெருகியது. எட்டு வயதுப் பெண்ணின் அப்பா கையில் ஸ்டாப்வாட்சோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பெண் வேறு இடத்தில் மெடல் வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமா சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை.

2020-இல் ஊரடங்கு. அத்திப்பள்ளி எல்லையில் இ-பாஸ் கேட்ட காலம். வகுப்பை போனில் நடத்தினேன், மூச்சுப்பயிற்சியும் படுத்துச் செய்வதும் மட்டும். போன் வழியாக யாரையும் தாங்க முடியாது. சுவரில் கால் வைப்பதைத் தவிர எல்லாத் தலைகீழும் ரத்து என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் யூட்யூப் பார்த்து எனக்குத் தெரியாமல் செய்தார்கள். வகுப்பு மறுபடி திறந்ததும் வலித்த கழுத்தைத் தடவிக்கொண்டு வந்து ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஐந்தாம் நோட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் கண்ணாடி மாற்றப் போனபோது டாக்டர் இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம் என்றார். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவர்தான் சொன்னார். சிரசாசனம் செய்கிற 75 பேரைத் தலைகீழாக நிற்கும்போதே அளந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியது. நல்ல கண் தாங்கிக்கொள்ளும். என்னுடையது தாங்காது. முப்பது வருஷப் பழக்கம் அந்த நாற்காலியில் முடிந்தது. வீட்டுக்கு வந்து நோட்டில் என் பெயரை எழுதினேன், "ஏன் நடந்தது" என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். வருஷா வருஷம் வகுப்பில் இருக்கிறவர்களை எல்லாம் கண் பரிசோதனைக்கு அனுப்புகிறவன், நான் மட்டும் போகவில்லை.

இப்போது சொல்லித்தான் கொடுக்கிறேன், செய்து காட்டுவதில்லை. போன மாதம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் சேர்ந்தான், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, தினம் பைக்கில் போய் வருகிறான். "மேஷ்ட்ரே, நீங்க ஒரு வாட்டி பண்ணிக் காட்டுங்க, பாத்துக்கறேன்" என்றான். மைக்ராஸ்கோப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் இப்போது பெண் அல்ல, இரண்டு பிள்ளைக்குத் தாய். லைனை விட்டு ஸ்டோர்ஸுக்கு மாறி ஒரு வருஷம் கழித்துத்தான் அவளை ஏறவிட்டேன். முந்தானையை இழுத்துச் செருகி, முழங்கையை அளந்து, காலை நடத்தி, மடித்து, ஏறினாள். பையன் கூடையிலிருந்து போனை எடுத்துவந்து ஒரு படம் பிடித்தான். பிறகு படம் சரியாக வந்ததா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முட்டி மடங்கியது. கால்விரல் தரையைத் தொட்டதில் சத்தமே இல்லை. நெற்றியைக் கீழே வைத்துப் பத்து மூச்சு எண்ணினாள்.

அவள் எழுந்து உட்கார்ந்ததும் நோட்டை எடுத்தேன். "புதுப் பையன். இறங்கியதைப் பார்க்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டேன்.